பாப் ஹேய்ஸும் ஜிம் ஹைன்ஸும்: ஓட்டப் பாதையிலிருந்து ஃபுட்பால் களத்துக்கு

1964 அக்டோபர் 21. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்க அணியின் கடைசி ஆள் பாப் ஹேய்ஸ் கைக்கு பேட்டன் வந்தபோது அணி ஐந்தாவது இடத்தில் இருந்தது. முன்னால் நான்கு பேர். அடுத்த 100 மீட்டருக்குள் அத்தனை பேரையும் தாண்டி, சுமார் மூன்று மீட்டர் இடைவெளி விட்டு முதலில் வந்தார். அணியின் நேரம் 39.0 விநாடி, உலக சாதனை. அவர் ஓடிய கடைசிப் பகுதிக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டவர்கள் 8.5 முதல் 8.9 விநாடி வரை ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

ஆறு நாளைக்கு முன்புதான் 100 மீட்டர் தங்கத்தையும் வாங்கியிருந்தார். அன்று அவருக்கு விழுந்தது முதல் லேன். நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தரை. நடைப்போட்டிக்காரர்கள் மிதித்து மிதித்துக் குழி விழுந்திருந்தது. ஒரு கால் ஷூ அறையிலேயே தங்கிவிட்டதால் இரவல் ஷூ வேறு. அப்படியும் 10.0 விநாடி, மின்னணுக் கடிகாரத்தில் 10.06. அப்போது அவருக்கு 21 வயது. அத்துடன் தடகளத்தை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் வைட் ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவர்.

ஒலிம்பிக் தரத்தில் ஓடும் ஒருவர் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் வெற்றி பெற முடியுமா என்ற பேச்சு எப்போது வந்தாலும், முடியும் என்பவர்கள் ஹேய்ஸ் பெயரைச் சொல்வார்கள். முடியாது என்பவர்கள் ஜிம் ஹைன்ஸ் பெயரைச் சொல்வார்கள். 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 9.95 விநாடியில் 100 மீட்டர் தங்கம் வென்றவர் ஹைன்ஸ். மின்னணுக் கடிகாரம் பதிவு செய்த வகையில் 10 விநாடிக்குக் கீழே போன முதல் மனிதர். அந்தச் சாதனை 1983 வரை நின்றது. அவரும் ஃபுட்பாலுக்கு வந்தார், அதே வைட் ரிசீவர் இடத்துக்கு. ஒருவர், ஃபுட்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும், கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இன்னொருவர் தன் ஃபுட்பால் வாழ்க்கை முழுவதிலும் பிடித்தது இரண்டே இரண்டு பந்து.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதிக்கு வேறு சிலரையும் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மைதானத்தில் கோல் கோட்டுக்குக் கோல் கோடு 100 யார்டு, அதாவது 91 மீட்டர் சொச்சம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு பிளே. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. குவாட்டர்பேக் பந்தை எறிவார். வைட் ரிசீவர் ஓரத்திலிருந்து கிளம்பி, முன்பே பேசி வைத்த பாதையில் ஓடி அதைப் பிடிப்பார். அந்தப் பாதைக்கு ரூட் என்று பெயர். அப்படி முன்னேறிய யார்டுகள் அவர் கணக்கில் ஏறும்; பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச் டவுன். அவரைத் தடுக்க எதிரணியில் கார்னர்பேக் என்று ஒருவர். வேகமான ஆளைப் பார்த்ததும் பயிற்சியாளர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ரிசீவர் இடம்தான்.

ஹேய்ஸ் அந்த இடத்தில் செய்தது சாதாரணம் இல்லை. 1965ல், முதல் ஆண்டிலேயே, 46 கேட்ச், 1003 யார்டு, 12 டச் டவுன். அடுத்த ஆண்டு 64 கேட்ச், 1232 யார்டு, 13 டச் டவுன். அந்த ஆண்டு வாஷிங்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில் டான் மெரிடித் எறிந்த பந்தைப் பிடித்து 95 யார்டு டச் டவுன்; அன்று ஒரே நாளில் 246 யார்டு. 1970ல் ஒரு கேட்சுக்குச் சராசரி 26.1 யார்டு. இந்த எண்ணின் கனம் புரிய ஒன்று சொன்னால் போதும்: ஒரு ரிசீவர் கேட்சுக்கு 15 யார்டு எடுத்தாலே நீளமான பந்துகளுக்கு ஏற்றவர் என்று பாராட்டுவார்கள்.

ஆனால் எண்களைவிட முக்கியமானது அவர் எதிரணியை நிற்க வைத்த இடம். ஒரு ரிசீவருக்கு ஒரு கார்னர்பேக் என்று ஆள் பிடித்துக் காவல் காப்பதுதான் அப்போது வழக்கம். ஹேய்ஸோடு எந்தக் கார்னர்பேக்காலும் ஓடி வர முடியவில்லை. அதனால் எதிரணிகள் ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காக்கத் தொடங்கின: ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், ஆளுக்கு ஒரு பகுதி. இதைத்தான் ஸோன் என்கிறார்கள். ஸோனை ஹேய்ஸ்தான் உண்டாக்க வைத்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. அது சற்று மிகை. அந்த முறை முன்பே இருந்தது. இவரால் அது பரவியது, நுணுக்கமானது என்று சொன்னால் சரியாக இருக்கும். அவர் பின்னால் இரண்டு பேர் போனால் களத்தின் மற்றப் பக்கம் காலியாகிவிடும். அந்தக் காலி இடத்தில் டல்லாஸின் மற்றவர்கள் எடுத்த யார்டுகள் எந்தப் பட்டியலிலும் ஹேய்ஸ் பெயரில் ஏறவில்லை.

சரி, ஹைன்ஸ்? அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். மயாமி டால்ஃபின்ஸ் அவரை 1968 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுத்தது. 1969ல் களமிறங்கினார், 1970ல் கான்சஸ் சிட்டிக்காக ஒரு ஆட்டம். இரண்டு கேட்சில் 23 யார்டு. பந்தைக் கையில் வாங்கி ஒருமுறை ஓடியதில் 7 யார்டு. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடும் கிக் ரிட்டர்ன் ஒன்றில் 22 யார்டு. அவ்வளவுதான் கணக்கு. பந்து கையில் தங்காததால் ‘ஊப்ஸ்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. உலகிலேயே வேகமான மனிதரை, அவர் அதுவரை செய்யாத வேலைக்கு, அதுவும் அந்த வேலையின் உச்ச நிலையில் நேரடியாகக் கொண்டுபோய் நிறுத்தியது அணி. பட்டப்பெயர் மட்டும் அவருக்கு.

ஹைன்ஸ் ஓக்லாந்தில் வளர்ந்தவர். பள்ளியில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவரின் ஓட்டத்தைப் பார்த்துத் தடகளத்துக்கு இழுத்தார்கள். பிறகு டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஓட்டம், ஓட்டம், ஓட்டம். ஹேய்ஸின் கதை தலைகீழ். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்தவர்; டாலஹாஸியில் உள்ள ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஃபுட்பாலுக்காக. அங்கே ஜேக் கெய்தர் என்ற பெரும் பயிற்சியாளரிடம் ஹாஃப்பேக்காக ஆடினார்: பந்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவது, அடி வாங்குவது, விழுவது, பாஸ் பிடிப்பது. டல்லாஸ் அவரை டிராஃப்டில் எடுத்ததே டோக்கியோவுக்கு முன்னால்தான். தங்கப் பதக்கத்தைப் பார்த்து யாரும் அவரை ஃபுட்பாலுக்குக் கூப்பிடவில்லை. அவர் ஃபுட்பால்காரர், இடையில் டோக்கியோ போய்வந்தார். அவர் ஓடும் விதத்திலேயே அது தெரியும். பாதம் உள்நோக்கித் திரும்பி, தோள் இருபுறமும் உருண்டு, தரையை இடித்துக்கொண்டு ஓடுவார். தடகளக்காரர்கள் அழகு என்று சொல்லும் ஓட்டம் அது இல்லை.

ஓட்டமும் ரிசீவர் வேலையும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு பந்தை வைத்தே காட்டலாம். ரிசீவர் கிளம்பி நேராக 40 யார்டு போகிறார். கார்னர்பேக் ஒரு எட்டு பின்னால். பந்து 400 கிராமுக்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் கூராக, சுழன்றுகொண்டே, தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. தலையை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். தோளும் சேர்ந்து திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் வேகம் போகும். ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே பந்து ஒரு கணம் மறைந்து மறுபடி தெரியும். இதற்கிடையில் கை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயமே. கையை முன்கூட்டியே நீட்டக் கூடாது. நீட்டிய கையோடு யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. அது மட்டுமில்லை, பின்னால் வரும் கார்னர்பேக் பந்தைப் பார்ப்பதில்லை, ரிசீவரின் கையையும் கண்ணையும்தான் பார்க்கிறார். கை உயர்ந்ததும் அவர் கையும் நடுவே வந்துவிடும். அதனால் பந்து எட்டும் தூரத்துக்கு வந்த பிறகே, கடைசிக் கணத்தில் கை போக வேண்டும். விரல்கள் விரிந்து, பந்தின் கூர்முனையை வாங்கி, உடனே அக்குளுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அடுத்த கணம் இடி விழும்.

ஓட்டக்காரர் பத்து வருடமாகக் கற்றது இதற்கு நேர் எதிர். கண் எதிரே, முகம் தளர்வாக, கை இரண்டும் கடைசி வரை சீராக முன்னும் பின்னும் வீசப்பட வேண்டும். அந்தப் பழக்கம் எலும்புக்குள் இறங்கிய பிறகுதான் 9.95 வரும். 22 வயதில் அதைக் கலைத்துவிட்டு வேறு பழக்கத்தை ஏற்றுவது லேசான காரியமா?

ஆரம்பமும் அப்படித்தான். தடகளத்தில் எட்டு பேருக்கு எட்டு லேன். பக்கத்து லேன்காரர் தொட்டால் அவர் போட்டியை விட்டு வெளியே. இங்கே எதிரே ஒரு ஆள் முகத்துக்கு முகம் நிற்கிறார். முதல் எட்டிலேயே நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, தோளைக் குறுக்கி நழுவி வெளியே வந்தால்தான் ஓட்டமே தொடங்கும். அப்புறம் நிற்பது. ஓட்டக்காரருக்கு நிற்கச் சொல்லித் தருவதே இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி 30, 40 மீட்டர் போய் மெல்ல ஓய்வார். ரிசீவர் 12 யார்டு பாய்ந்து போய், இரண்டு மூன்று எட்டில் இடுப்பைத் தாழ்த்தி நின்று, திரும்பும்போது பந்து முகத்துக்கு நேரே வந்திருக்கும். குவாட்டர்பேக் அதை அவர் திரும்புவதற்கு முன்பே எறிந்துவிட்டார். ஓட்டக்காரரின் நேரத்துக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. ரிசீவரின் நேரம் இன்னொரு மனிதரோடு கட்டியது.

வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2009 பெர்லினில் உசைன் போல்ட் 9.58 ஓடியபோது மணிக்குச் சுமார் 44.7 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. ஃபுட்பாலில் 60 மீட்டர் தடையில்லாமல் நேர்கோட்டில் ஓடுவது எத்தனை முறை வாய்க்கும்? ஒரு ஆட்டத்தில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. மற்ற நேரமெல்லாம் 10 யார்டு, 15 யார்டு, ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம். போல்டை மற்ற ஓட்டக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டிய அந்தக் கடைசி 40 மீட்டருக்கு இங்கே இடமே கிடைப்பதில்லை.

ஹேய்ஸிடம் இந்தத் திறமைகள் இருந்தன. அப்படி இருந்தும் மாட்டிக்கொண்ட ஒரு நாள் உண்டு. 1967 டிசம்பர் 31, கிரீன் பேயில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். அந்த ஆட்டத்துக்கு ‘ஐஸ் பௌல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஃப்ளோரிடா வெயிலில் வளர்ந்த ஹேய்ஸ், தனக்குப் பந்து வராத பிளேகளில் கையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். கை வெளியே இருந்தால் பாஸ் வரும், உள்ளே இருந்தால் வராது என்று கிரீன் பே அணியான பேக்கர்ஸின் தடுப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். அன்று அவருக்கு 3 கேட்ச், 16 யார்டு. டல்லாஸ் 21-17 என்று தோற்றது. இந்த நிகழ்ச்சியைச் சிரிப்புக்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு பாடமாகத் தெரிகிறது. பந்து வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு பிளேயிலும் உடம்பு ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டக்காரருக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையே வந்ததில்லை.

மற்றவர்களையும் பார்த்துவிடலாம். மெக்சிகோவில் 200 மீட்டரை 19.83ல் வென்ற டாமி ஸ்மித் சின்சினாட்டி பெங்கால்ஸுக்காகப் பிடித்தது ஒரு பந்து, 41 யார்டு. 100 யார்டு ஓட்டத்தில் உலக சாதனை வைத்திருந்த ஃபிராங்க் பட் இரண்டு ஆண்டுகளில் விலகினார். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13 விநாடிக்குக் கீழே போன முதல் மனிதர் ரெனால்டோ நெஹமையாவை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். பள்ளியில் குவாட்டர்பேக் ஆடியவர், கல்லூரியில் ஃபுட்பால் ஆடவில்லை. 1982 முதல் மூன்று ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணியில், பில் வால்ஷ் என்ற மேதையின் கீழ், 43 கேட்ச், 754 யார்டு, 4 டச் டவுன். மோசமில்லை, ஆனால் 12.93 விநாடி சாதனைக்காரரிடம் எதிர்பார்த்தது இது இல்லை. பிறகு தடகளத்துக்கே திரும்பினார். பள்ளியோடு நின்ற ஃபுட்பால் அந்தத் தூரம்வரைதான் கொண்டு வந்தது.

எதிர்ப்பக்கம் வில்லி கால்ட். 1983 உலக சாம்பியன்ஷிப்பில் 4×100 தொடர் ஓட்டத்தில் கார்ல் லூயிஸோடு ஓடி 37.86 உலக சாதனையில் பங்கு, தடை ஓட்டத்தில் வெண்கலம். அதே ஆண்டு சிகாகோ பேர்ஸ். மொத்தம் 333 கேட்ச், 6635 யார்டு, என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி. அவர் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஃபுட்பாலும் ஆடியவர். 1992ல் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய ஜேம்ஸ் ஜெட், அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டர் வெண்கலம் வாங்கிய மைக்கேல் பேட்ஸ் இருவரும் கல்லூரி ஃபுட்பால்காரர்களே. பேட்ஸ் ஐந்து முறை, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானது ரிசீவராக அல்ல, கிக் ரிட்டர்னராக. வேகத்துக்கு நேரடியாகக் கூலி கிடைக்கும் வேலை அது. 100 மீட்டரை 10.08ல் ஓடிய டாரல் கிரீன் கார்னர்பேக்காக வாஷிங்டனில் 20 பருவம் ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போனார்.

கல்லூரிவரை ஃபுட்பால் ஆடிய ஓட்டக்காரர்தான் நிலைப்பார் என்ற என் கணக்குக்குச் சிக்கல் கொடுப்பவர் டெவன் ஆலன். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 2014ல் 41 கேட்ச், 7 டச் டவுன் எடுத்த நல்ல ரிசீவர். முழங்கால் காயங்களுக்குப் பிறகு 2016ல் ஃபுட்பாலை விட்டுத் தடை ஓட்டத்தில் உலக வரிசைக்கு வந்தார். 2022 ஜூனில் 12.84. அந்த ஆண்டே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. பெரும்பாலும் பயிற்சி அணியிலேயே இருந்தார். இவரிடம் ஃபுட்பால் இருந்தது, வேகமும் இருந்தது. நடுவில் ஆறு ஆண்டு விட்டுப்போயிருந்தது. ஃபுட்பாலை முன்பு ஆடியிருந்தால் மட்டும் போதாது, விடாமல் ஆடியிருக்க வேண்டும் என்று என் கணக்கை நான் திருத்திக்கொண்டது இவரைப் பார்த்துத்தான்.

அப்படியானால் ஓட்டக்காரர்கள் ஏன் போனார்கள்? பணம். 1960களில் தடகளத்தில் சம்பளம் கிடையாது. ஒலிம்பிக் விதிகள் அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் தந்தன. தங்கம் வென்ற கறுப்பின இளைஞருக்கு ஊர் திரும்பியதும் இருந்த வழிகள் மிகக் குறைவு. ஹைன்ஸ், ஸ்மித் போன்றவர்கள் ஃபுட்பாலைத் தேடிப் போனதை ஆசை என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இன்று நிலைமை வேறு. முதல் வரிசை ஓட்டக்காரர் ஓடியே சம்பாதிக்கிறார். 22 வயதில் 9.9 ஓடுபவர் ஹெல்மெட் மாட்டி ரூட் பழக வேண்டிய அவசியமில்லை.

அதேசமயம் வேகமான அமெரிக்கப் பையன்களில் பலரை ஃபுட்பால் பள்ளியிலேயே எடுத்துவிடுகிறது. அண்மைக் காலம்வரை பெரிய பல்கலைக்கழகங்களில் ஃபுட்பாலுக்கு 85 ஸ்காலர்ஷிப், ஆண்கள் தடகளத்துக்கு 12.6. 17 வயதுப் பையன் எந்தப் பக்கம் போவான்? டைரீக் ஹில் 2012ல் பள்ளி மாணவராக 200 மீட்டரை 20.14ல் ஓடினார், ஜூனியர் உலகப் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கமும் வாங்கினார். அவர் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவரானபோது யாரும் அவரை ஃபுட்பாலுக்கு வந்த ஓட்டக்காரர் என்று சொல்லவில்லை. தேடுகிற ஓட்டக்காரர்களில் சிலர் களத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஒருவர் முயன்று பார்த்தார். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவில் டி.கே. மெட்காஃப் என்ற ரிசீவர், நூறு கிலோவுக்கு மேல் எடையோடு, தொழில்முறை ஓட்டக்காரர்கள் நடுவே 100 மீட்டர் ஓடினார். 10.37, அந்தச் சுற்றில் கடைசி. முதல் 40, 50 மீட்டர்வரை கூடவேதான் இருந்தார். பிறகுதான் மற்றவர்கள் விலகிப் போனார்கள். ஃபுட்பாலுக்கு வேண்டிய தூரம் எங்கே முடிகிறது என்பதை அந்த ஓட்டம் படம்போலக் காட்டியது.

போல்ட் ஆடியிருந்தால் என்ற கேள்வி எப்போதும் வரும். 15 வயதில் ஜமைக்காவிலிருந்து அமெரிக்கப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தால், ஆமாம், ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன். 26 வயதில் ஒலிம்பிக் முடிந்து வந்திருந்தால் இல்லை. 2018ல் ஆஸ்திரேலியாவில் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் கால்பந்து அணியோடு பயிற்சி எடுத்தார், ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார், ஒப்பந்தம் அமையாமல் திரும்பினார். அது வேறு ஆட்டம்தான், ஆனாலும் காலில் பந்து பழகாத வேகம் எங்கே நிற்கும் என்பது அங்கேயும் தெரிந்தது.

ஹேய்ஸிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அவருடைய முடிவுப் பகுதியை யாரும் சரியாகச் சொல்வதில்லை. 1972 ஜனவரியில் டல்லாஸ் மயாமியை 24-3 என்று வென்று சூப்பர் பௌலை எடுத்தது. ஒலிம்பிக் தங்கத்தோடு சூப்பர் பௌல் மோதிரமும் அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டுப் பருவத்திலேயே சரிவு: 15 கேட்ச், ஒரு டச் டவுன்கூட இல்லை. வயது 29. வேகம் குறைந்தது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, ஸோனோடு சேர்ந்து எதிரணிகள் கைக்கொண்ட பம்ப் அண்ட் ரன். பந்து எறியப்படும் வரை ரிசீவரை வழிநெடுக இடித்துக்கொண்டே போகலாம் என்று அன்றைய விதி இடம் கொடுத்தது. கிளம்பிய ஐந்தாவது யார்டிலும் இடி, பதினைந்தாவது யார்டிலும் இடி. 1970களின் நடுவில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 1978ல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது என்று விதி வந்தது. ஹேய்ஸ் 1975ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் 6 கேட்சோடு, ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு போதைப்பொருள் வழக்கு, பத்து மாதச் சிறை, உடல்நலக் கேடு. 2002 செப்டம்பரில் ஜாக்சன்வில்லில் இறந்தார், வயது 59. அதற்குப் பிறகும் 2004ல் ஒருமுறை ஹால் ஆஃப் ஃபேம் கதவு மூடிக்கொண்டது. 2009ல் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். 371 கேட்ச், 7414 யார்டு, 71 டச் டவுன் என்பது அப்போதும் அதே கணக்குத்தான். 1975க்குப் பிறகு அதில் ஒரு யார்டுகூடக் கூடியிருக்கவில்லை.